கைக்காசு போட்ட நாவலும் வடசென்னைக் கூட்டங்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதிப்பகம் இல்லாமல், கைக்காசு போட்டு நாவல் அச்சடித்தவன் நான். பெரம்பூர் மில் குடும்பம் ஒன்றின் கதை. திருவொற்றியூரிலிருந்து புளியந்தோப்பு வரை அதைத் தூக்கிக்கொண்டு அலைவதைப் பார்த்துவிட்டு, தாங்களும் ஒரு நாவலை முடித்து வைத்திருக்கும் நண்பர்கள் போன் போட்டுக் கேட்பார்கள். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதற்குப் பதில் இங்கே எழுதி வைக்கிறேன். கவிதைத் தொகுப்பு போட்டவர்களுக்கும் பாதி பொருந்தும். சுயமுன்னேற்றப் புத்தகம் போட்டவர்களுக்கு என் யோசனை தேவைப்படாது, அவர்கள் ஏற்கெனவே முன்னேறியிருப்பார்கள்.

ஜனவரியில் நந்தனத்தில் புத்தகக் காட்சி நடக்கிறதே, அங்கே விற்றுக்கொள்ளலாமே. தெருத் தெருவாகப் போவானேன்?

நந்தனத்துக்கும் போங்கள். பபாசி என்கிற பதிப்பாளர், புத்தக விற்பனையாளர் சங்கம் நடத்தும் அந்தக் காட்சி 1977 இல் தொடங்கியது. தமிழ்ப் புத்தகத்துக்கு அதைவிடப் பெரிய சந்தை சென்னையில் கிடையாது. ஆனால் கையில் ஒரே ஒரு நாவலை வைத்துக்கொண்டு தனி ஸ்டால் என்று யோசித்தால் வாடகைக்கே கட்டுப்படியாகாது. தெரிந்த பதிப்பகத்தின் ஸ்டாலில் ஒரு மூலையில் நாலைந்து பிரதி வைப்பார்கள். பெரிய பெயர்களுக்கு நடுவில் உங்கள் புத்தகத்தின் முதுகு மட்டும் தெரியும்.

விம்கோ நகரில் மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் நந்தனத்தில் இறங்கலாம். 2021 இல் அந்தப் பாதை திறந்த பிறகு தூரத்தைக் காரணம் சொல்லவும் வழியில்லை. இருந்தும் எங்கள் பக்கத்திலிருந்து புத்தகக் காட்சிக்குப் போய் வருபவர்கள் குறைவு. போகாதவர்கள் படிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். டீக்கடையில் பேப்பரை விளம்பரம் விடாமல் மேய்கிறவர், நைட் டூட்டியில் செல்போனில் தொடர்கதை படிக்கிற செக்யூரிட்டி, லெண்டிங் லைப்ரரியில் மாத நாவல் எடுத்துப் படித்தே வளர்ந்த அக்காக்கள் எல்லாம் வாசகர்கள்தான். அவர்கள் புழங்குகிற இடத்துக்கு நாம் போக வேண்டியிருக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் வெளியீட்டு விழா வைக்க வேண்டாமா?

வேண்டாம் என்பதுதான் என் கட்சி. மண்டப வாடகை, பொன்னாடை, நினைவுப் பரிசு, வாழ்த்துரை வழங்க ஐந்து பேர். ஆளுக்கு அரைமணி நேரம் பேசுவார்கள். அதில் இரண்டு பேர் புத்தகத்தைப் படித்திருந்தால் உங்கள் அதிர்ஷ்டம். ஏற்புரை சொல்ல நீங்கள் எழும்போது மணி ஒன்பதாகியிருக்கும், கடைசி பஸ்ஸைப் பிடிக்க நாற்காலிகள் காலியாகிக்கொண்டிருக்கும். விற்ற பிரதிகளில் முக்கால்வாசி சொந்தக்காரர்கள் மொய் மாதிரி வாங்கியவை.

அந்தப் பணத்தையும் உழைப்பையும் வேறு மாதிரி செலவழிக்கலாம். நீங்கள் புதிதாகக் கூட்டம் கூட்டாதீர்கள். ஏற்கெனவே கூடுகிற இடத்தில் போய் இருபது நிமிடம் கேளுங்கள். இந்தப் பக்கத்தில் நான் சொல்லப்போகும் எல்லாமே இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

அப்படி ஏற்கெனவே கூடுகிற இடங்கள் எவை?

கிளை நூலகத்தின் வாசகர் வட்டத்திலிருந்து தொடங்குங்கள். பொது நூலகத் துறையின் கிளைகளில் வாசகர் வட்டம் உண்டு. சிலவற்றில் தலைவர் மட்டும் இருப்பார், வட்டம் இருக்காது. அதனால் என்ன, நூலகர் நல்லவராக இருந்தால் போதும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, மேசைகளை ஓரம் தள்ளிவிட்டுப் பத்துப் பேர் உட்கார இடம் கொடுப்பார். அந்தப் பத்துப் பேரும் புத்தகம் எடுக்கவே வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். வேறு எந்த இடத்திலும் அப்படிப்பட்ட பத்துப் பேர் கிடைக்க மாட்டார்கள்.

அடுத்து இரவுப் பாடசாலைகள். வியாசர்பாடி, புளியந்தோப்புப் பக்கம் அம்பேத்கர் பெயரில் இளைஞர்கள் நடத்துபவை நிறைய. பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்கிற அண்ணன்களும் அக்காக்களும்தான் உங்கள் வாசகர்கள். கல்லூரி முடித்தவர்கள், பேசத் தெரிந்தவர்கள், புத்தகம் பிடித்துவிட்டால் ஏரியா முழுக்கக் கொண்டு போகிறவர்கள். பிள்ளைகளின் படிப்பு நேரத்தில் மட்டும் கைவைக்காதீர்கள். பாடம் முடிந்து, பாய் சுருட்டிய பிறகு பேச்சை ஆரம்பியுங்கள்.

தொழிற்சங்க அலுவலகங்கள் எனக்கு ரொம்பப் பிடித்தவை. பெரம்பூர்ப் பக்கம் சங்கம் என்கிற சொல்லுக்கு ஒரு கனம் உண்டு. 1918 ஏப்ரல் 27 அன்று சென்னைத் தொழிலாளர் சங்கம் தொடங்கியது பின்னி மில் தொழிலாளர்களை வைத்துத்தான். இந்தியாவில் முறையாக அமைக்கப்பட்ட முதல் தொழிற்சங்கம் என்று வரலாற்றில் இடம்பிடித்தது. 1921 இல் நடந்த நீண்ட வேலைநிறுத்தத்தைப் பற்றித் தாத்தா சொன்ன கதையாகச் சொல்கிறவர்கள் இன்னமும் இருக்கிறார்கள். 1996 இல் மில் மூடப்பட்டது. அதில் வேலை பார்த்தவர்கள் இப்போது பேரன் பேத்தி எடுத்த வயதில் இருக்கிறார்கள். அவர்கள் முன்னால் மில் கதையைப் படிக்கும்போது வரும் நடுக்கம் எந்த இலக்கிய மேடையிலும் வராது.

மகளிர் சுய உதவிக் குழுக் கூட்டம், சர்ச் பங்குப் பேரவை, குடியிருப்போர் நலச் சங்கம், பார்க்கில் காலையில் நடக்கிறவர்கள், கேரம் கிளப் என்று பட்டியல் நீளும். கேரம் கிளப்பில் ஆட்டம் ஓடும்போது வாயைத் திறக்காதீர்கள். ஸ்ட்ரைக்கர் மேல் கண் வைத்திருப்பவன் உங்கள் நாவலைக் கேட்க மாட்டான், திட்டுதான் கிடைக்கும்.

கொளத்தூரில் 2024 இல் திறந்த முதல்வர் படைப்பகம் மாதிரி, படிக்க இடம் தரும் அரசு மையங்களில் உட்கார்ந்திருப்பவர்களில் பலர் போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள். குரூப் நாலு எழுதப் போகிறவரை நாவலைக் காட்டித் தொந்தரவு செய்வது பாவம். தேர்வு முடிந்ததும் அவர்களே தேடி வருவார்கள்.

திருவிழாக்களில் கடை போடலாமா? கூட்டம் அள்ளுமே?

கூட்டம் அள்ளும், விற்பனை அள்ளாது. திருவொற்றியூர் மாசித் திருவிழாவில் தேர் பார்க்க வந்தவரின் ஒரு கையில் குழந்தை, இன்னொரு கையில் பை. திருவிழாக் கூட்டம் நகரும் கூட்டம். நாவல் விற்க உட்காரும் கூட்டம் வேண்டும். பிப்ரவரி 11 அன்று பெரம்பூர் லூர்து அன்னை ஆலயத்துக்கு வரும் கூட்டத்தைப் பார்த்து ஆசைப்படாதவர்கள் கிடையாது. ஆனால் அங்கே மெழுகுவர்த்தியும் ஜெபமாலையும்தான் போகும்.

விதிவிலக்கு ஏப்ரல் 14. அம்பேத்கர் பிறந்தநாள் அன்று புத்தகம் வாங்குவது இந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் போலவே ஆகிவிட்டது. அன்றைக்கு ஒரு மடக்கு மேசையும் குடையும் இருந்தால் போதும். மே தினமும் ஓரளவு பரவாயில்லை. இந்தியாவில் முதன்முதலாக மே தினம் கொண்டாடப்பட்டது 1923 இல், சிங்காரவேலர் முன்னின்று நடத்திய சென்னைக் கடற்கரைக் கூட்டங்களில். அந்தக் கதை தெரிந்த தோழர்கள் ஊர்வலம் முடிந்த கையோடு புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பார்கள்.

எந்த மாதத்தில் எங்கே போவது?

மார்ச், ஏப்ரல் முதல் பாதி எல்லாம் பொதுத்தேர்வுக் காலம். பிள்ளை பத்தாவது எழுதுகிற வீட்டில் டிவியையே அணைத்து வைத்திருப்பார்கள், உங்கள் மைக்குக்கு என்ன மரியாதை கிடைக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் வரை மழை. கொருக்குப்பேட்டையிலும் வியாசர்பாடியிலும் தண்ணீர் நிற்கும் தெருக்கள் எவை என்று உள்ளூர்க்காரர்களிடம் கேட்டுவிட்டுத் தேதி குறியுங்கள். இடையில் நவம்பர் 14 முதல் 20 வரை தேசிய நூலக வாரம் வருகிறது. கிளை நூலகங்கள் அந்த வாரத்தில் நிகழ்ச்சிக்கு ஆள் தேடும். கூரைக்குக் கீழே நடப்பதால் மழைக்கும் பயமில்லை.

காசிமேட்டுக்குத் தனிக் காலண்டர். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. வலை சரிபார்ப்பதும் படகுக்குப் பெயின்ட் அடிப்பதும் கரையிலேயே நடக்கும். சாயங்காலமானால் பேச ஆள் இருக்கும், நேரம் இருக்கும், காசு மட்டும் இருக்காது. அரசு தருகிற நிவாரணத்தில் குடும்பம் ஓடுகிற மாதங்கள் அவை. அந்த நேரத்தில் போய் 250 ரூபாய் புத்தகத்தை நீட்டுவது அசிங்கம். போங்கள், படித்துக் காட்டுங்கள், நாலு பிரதிகளைச் சுற்றுக்கு விட்டுவிட்டு வாருங்கள். ஜூலைக்குப் பிறகு இன்னொரு முறை போகலாம். வேறு மாதங்களில் போவதாக இருந்தால் ஞாயிறு காலை ஏலக் கூட்டத்தில் தலையைக் காட்டாதீர்கள். அன்றைக்கு அங்கே வஞ்சிரத்துக்குத்தான் மரியாதை.

ஆகஸ்ட் 22 சென்னை தினத்தை ஒட்டிப் பாரம்பரிய நடைப்பயணங்கள் நடக்கும். ராயபுரத்தில் 1856 இல் தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் புறப்பட்ட நிலையம் இருக்கிறது. உங்கள் கதை அந்தப் பக்கத்தில் நடந்தால், நடைப்பயணம் முடிகிற இடத்தில் ஒரு பத்து நிமிடம் கேட்டு வாங்கலாம். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னை மீது குண்டு போட்ட 1914 செப்டம்பர் 22 ஐப் பற்றி ஒரு அத்தியாயம் எழுதியிருக்கிறீர்களா? அந்தத் தேதியை விடாதீர்கள்.

சாயங்காலம் வைத்தால் பெண்கள் வருவதில்லையே?

ஆறு மணிக்கு வைத்தால் எப்படி வருவார்கள்? பிள்ளைகளை டியூஷனுக்கு அனுப்ப வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், ராத்திரிக்கு அடுப்பைப் பற்றவைக்க வேண்டும். மதியம் மூன்றிலிருந்து நாலரை வரை கொஞ்சம் மூச்சுவிடும் நேரம். சுய உதவிக் குழுக் கூட்டங்களும் பெரும்பாலும் அப்போதுதான். தவணை வசூலாகி, நோட்டில் கையெழுத்தாகும் வரை வாயை மூடிக்கொண்டு ஓரமாக உட்காருங்கள். கணக்கு முடிந்தால்தான் காது திறக்கும். நான் படித்துக் காட்டிய கூட்டங்களிலேயே கூர்மையான கேள்விகள் வந்தது இந்தக் குழுக்களில்தான். "அந்தப் பொண்ணு ஏன் திரும்பிப் போச்சி? நான் போயிருக்க மாட்டேன்" என்று ஒரு அக்கா ஆரம்பித்தால் அடுத்த அரைமணி நேரம் நீங்கள் பேசவே தேவையில்லை.

போலீஸ் அனுமதி, மாநகராட்சி அனுமதி எல்லாம் வேண்டுமா?

நூலகம், சங்க அலுவலகம், சர்ச் ஹால் போன்ற உள்ளரங்குகளில் இடத்துக்காரர் சம்மதம் போதும். தெருவிலோ மைதானத்திலோ ஒலிபெருக்கி கட்டினால் காவல் நிலையத்தில் முன்கூட்டியே எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கி கூடாது என்பது சட்டம். பார்க், விளையாட்டுத் திடல் என்றால் மாநகராட்சி மண்டல அலுவலகம். வடசென்னையில் திருவொற்றியூர், மணலி, மாதவரம், தண்டையார்பேட்டை, ராயபுரம், திரு.வி.க. நகர் என்று 1 முதல் 6 வரை மண்டலங்கள். உங்கள் இடம் எதில் வருகிறது என்று தெரிந்துகொண்டு போங்கள், இல்லாவிட்டால் பந்தாடுவார்கள். அனுமதியில்லாமல் பேனர் கட்டாதீர்கள். சட்டப்படியும் தப்பு, உங்கள் முகத்தைப் பத்தடி உயரத்தில் பார்த்துவிட்டு யாரும் நாவல் வாங்கப் போவதுமில்லை.

முப்பது பேருக்குள் என்றால் மைக்கே வேண்டாம்.

இருபது நிமிடத்தில் என்ன செய்வது? கதைச் சுருக்கம் சொல்லலாமா?

சொல்லாதீர்கள். கதையைச் சொல்லிவிட்டால் வாங்குவதற்கு என்ன மிச்சம்? 'நாவல் உருவான கதை'யும் வேண்டாம். நீங்கள் பட்ட கஷ்டத்தைவிட அதிகமாகக் கஷ்டப்பட்டவர்கள் எதிரில் உட்கார்ந்திருப்பார்கள். நேராகப் புத்தகத்தைப் பிரித்துப் படியுங்கள். மூன்று பக்கம், அதிகம் போனால் நாலு. பேச்சு நிறைய வரும் காட்சியாக எடுத்துக்கொள்ளுங்கள். வர்ணனை வாசிப்புக்கு நல்லது, காதுக்குச் சுமை.

பழைய மில் தொழிலாளர்கள் சிலர் கூடிய இடத்தில் நடந்ததைச் சொல்கிறேன். தலைக்கு மேலே ஃபேன் கடகடவென்று ஓடிக்கொண்டிருக்கிறது. நான் படிப்பது பின்னால் இருப்பவர்களுக்குக் கேட்கவில்லை. முன்வரிசையில் இருந்த பெரியவர் ஒருவர், "குடு தம்பி" என்று புத்தகத்தை வாங்கினார். கைலி முனையில் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வரிக்குக் கீழே விரல் வைத்து, எழுத்துக் கூட்டுகிற நிதானத்தில் சத்தமாகப் படிக்க ஆரம்பித்தார். நான் எழுதிய வசனம்தான். அவர் வாயில் அது வேறாக இருந்தது. எங்கே மூச்சுவிட வேண்டும், எந்தச் சொல்லை முழுங்க வேண்டும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. கணக்கு முடித்துப் பணம் கொடுக்கிற இடம் வந்ததும் நிறுத்திவிட்டார். புத்தகத்தை மடியில் கவிழ்த்து வைத்துக்கொண்டு, தனக்கு வந்த பணம் எந்தெந்தக் கடனுக்குப் போனது, மிச்சத்தில் மகளுக்கு என்ன செய்தார் என்று சொல்லத் தொடங்கினார். பக்கத்திலிருந்தவர் குறுக்கிட்டார், அவருக்கு வேறு கணக்கு. நாவல் அப்படியே கவிழ்ந்து கிடந்தது. அன்று விற்றது கொஞ்சம்தான். ஆனால் அதற்குப் பிறகு எங்கே போனாலும் ஒரு பக்கத்தைக் கூட்டத்தில் ஒருவரிடம் கொடுத்துத்தான் படிக்கச் சொல்கிறேன். தயங்குவார்கள், இரண்டு முறை வற்புறுத்தலாம், மூன்றாவது முறை கூடாது. கண்ணாடி கொண்டு வராதவர்கள் இருப்பார்கள், படிக்கத் தெரியாதவர்களும் இருப்பார்கள். யாரையும் சங்கடப்படுத்தாமல் பார்த்து நீட்டுங்கள்.

நாவலில் கெட்ட வார்த்தைகள் வருகின்றன. கூட்டத்தில் படிக்கலாமா?

கூட்டத்தைப் பொறுத்தது. சர்ச் ஹாலில் வேண்டாம். மற்ற இடங்களில் அந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விட்டு, 'புத்தகத்தில் இருக்கிறது' என்று மட்டும் சொல்லுங்கள். விற்பனைக்கு அதுவும் உதவும்.

"எங்களைப் பத்தி இன்னா எழுதிகீற?" என்று கேட்டால் என்ன பதில் சொல்வது?

கேட்பார்கள், கட்டாயம் கேட்பார்கள். காசிமேட்டில் ஒரு அம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதுலயும் கத்தி, அருவாதானா நைனா?" என்றார். அதில் கோபம்கூட இல்லை, அலுப்புதான் இருந்தது. வடசென்னை என்றால் வெட்டுக் குத்து, கஞ்சா, கூவம் என்று திரையில் பார்த்துப் பார்த்துச் சலித்த அலுப்பு. வேலைக்கு விண்ணப்பம் போடும்போது முகவரியில் வேறு பேட்டையின் பெயரை எழுதிய பிள்ளைகள் இங்கே இருக்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பின்னால் அவ்வளவும் இருக்கிறது.

நான் கண்டுபிடித்த பதில் எளிமையானது. என் நாவலில் யார் என்ன வேலை செய்கிறார்கள் என்பதைச் சொல்வேன். அப்பா மில்லில் நெசவு, அம்மா இட்லிக் கடை, பெரிய பையன் ஐ.சி.எஃப். ரயில் பெட்டித் தொழிற்சாலையில் அப்ரண்டிஸ், பெண் ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் நர்ஸ். இவ்வளவுதான். வேலையைச் சொன்னதும் எதிரில் இருப்பவர்கள் தங்கள் வீட்டுக்குள் பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். "ஐ.சி.எஃப்.ல எந்த ஷாப்பு?" என்று அடுத்த கேள்வி வரும். அதற்கும் பதில் வைத்திருங்கள், அங்கே மழுப்பினால் மாட்டிக்கொள்வீர்கள். உங்கள் நாவலில் யாருக்குமே வேலை இல்லை, எல்லோரும் சுவரில் சாய்ந்து நிற்கிறார்கள் என்றால், கூட்டத்துக்குப் போவதற்கு முன்னால் நாவலை இன்னொரு முறை எழுதிப் பார்ப்பது நல்லது.

நாவலில் கொலை இருந்தால் மறைக்காதீர்கள். இருக்கிறது, இந்தக் காரணத்தால் இருக்கிறது என்று சொல்லுங்கள். சாதி வருகிறதா என்று கேட்டாலும் அப்படித்தான், பூசி மெழுகினால் உடனே கண்டுபிடித்துவிடுவார்கள். உயிரோடு இருக்கும் யாரையாவது மனதில் வைத்து எழுதியிருந்தால் பெயரையும் தெருவையும் மாற்றியது மட்டும் போதாது. கூட்டத்துக்கு முன்னால் அவர் வீட்டுக்குப் போய் ஒரு பிரதியைக் கையில் கொடுங்கள். மூன்றாவது ஆள் வாயால் அவர் தெரிந்துகொள்ளக் கூடாது.

கானா பாடகரை அழைத்தால் கூட்டம் சேருமா?

சேரும், கானாவுக்காகச் சேரும். அவர் பாடி முடித்ததும் உங்கள் மூன்று பக்கம் உப்புச் சப்பில்லாமல் இருக்கும். உங்கள் நாவலிலேயே ஒரு சாவு வீட்டுக் காட்சி வந்து, மரண கானாவுக்கு அங்கே வேலை இருந்தால் அழையுங்கள், அந்தக் காட்சியை ஒட்டிப் பாடச் சொல்லுங்கள். பேசிய பணத்தை ஆரம்பிப்பதற்கு முன்னாலேயே கொடுத்துவிடுங்கள். 'உங்களுக்கும் ஒரு மேடை' என்று சொல்லிச் சும்மா பாடவைக்கிற பழக்கம் இலக்கியவாதிகளிடம் இருக்கிறது. அந்த வேலை வேண்டாம்.

வட்டச் செயலாளர் மேடை தருகிறேன் என்கிறார். ஏறலாமா?

எல்லாக் கட்சிக்காரர்களும் தருவார்கள். ஏறுவது உங்கள் விருப்பம். அவர் சொன்ன நேரத்துக்கு இரண்டு மணி நேரம் கழித்து வருவார், எனவே அவருக்கு முன்னால் பேச நேரம் வாங்கிவிடுங்கள். நூறு பிரதி மொத்தமாக வாங்கிக்கொள்கிறேன், உள்ளே என் படம் போட்டு அச்சடித்துக் கொடு என்பார்கள். பண நெருக்கடியில் தலையாட்டத் தோன்றும். அந்தப் படம் அந்த நூறு பிரதியோடு நிற்காது, அடுத்த தெருவில் புத்தகத்தைத் திறக்கும் எல்லோரும் அதைத்தான் முதலில் கேட்பார்கள்.

விலை எப்படி வைப்பது? ஏதாவது மிஞ்சுமா?

240 பக்க நாவல், 15 ஃபாரம் (ஃபாரத்துக்கு 16 பக்கம்) என்று வைத்துக்கொள்வோம். அட்டை, பைண்டிங் சேர்த்துப் பிரதிக்கு 90 ரூபாய் அடக்கம், விலை 250. கணக்குப் புரிவதற்காகச் சொல்கிற எண்கள்தான், உங்கள் அச்சகத்தார் வேறு சொல்வார். கடையில் வைத்தால் 40 சதவீதம் வரை கழிவு கேட்பார்கள். 150 கைக்கு வரும், அதுவும் விற்ற பிறகு, நாலு தடவை போன் போட்ட பிறகு. மிச்சம் 60. ஏரியா நிகழ்ச்சியில் 200 க்குக் கொடுத்தால் மிச்சம் 110. இருபது பிரதி போனால் 2,200. இதில் மைக் செட்டுக்கு 1,500, டீ பிஸ்கட்டுக்கு 600 என்று கொடுத்துவிட்டால் ஆட்டோவுக்கு 100 ரூபாய் நிற்கும். மைக் வேண்டாம் என்று ஏன் சொன்னேன் என்று இப்போது புரிந்திருக்கும்.

200 என்பது சில்லறைத் தொல்லை இல்லாத விலையும்கூட. கியூஆர் அட்டையை மேசை மேல் நிமிர்த்தி வையுங்கள். குழு அக்காக்கள் பெரும்பாலும் ரொக்கமாகத்தான் தருவார்கள், நூறு ரூபாய்த் தாள்களாக மாற்றிக்கொண்டு போங்கள். "அடுத்த வாரம் தரேன் தம்பி" என்பவரிடம் தயங்காமல் கொடுக்கலாம். என் அனுபவத்தில் வராமல் போன கடன் கடைக்காரர்களிடம்தான்.

"ஒரு பிரதி சும்மா குடு" என்று கேட்கிறார்களே?

நூலகத்துக்கும் இரவுப் பாடசாலைக்கும் கேட்காமலே கொடுங்கள். தனி ஆளுக்குச் சும்மா கொடுத்தால் அது டிவி ஸ்டாண்டில் படுத்துக்கொள்ளும். அதற்குப் பதில் சுற்றுப் பிரதி விடுங்கள். அட்டையின் உள்பக்கம் பெயர் எழுதப் பத்துக் கோடு போட்டு, சலூனிலோ டீக்கடையிலோ ஆட்டோ ஸ்டாண்டிலோ வைத்துவிட வேண்டியது. எடுப்பவர் பெயரை எழுதிவிட்டு எடுத்துப் போக வேண்டும், படித்துவிட்டுத் திரும்ப வைக்க வேண்டும். சில பிரதி காணாமல் போகும். காணாமல் போன புத்தகமும் யாரோ வீட்டில்தானே இருக்கிறது. சலூன்தான் இதற்கு ஏற்ற இடம், காத்திருக்கிற ஆளுக்கு வேறு வேலை கிடையாது.

ஐ.எஸ்.பி.என்., ஜிஎஸ்டி இதெல்லாம்?

ஐ.எஸ்.பி.என். என்கிற புத்தக அடையாள எண்ணை ராஜா ராம்மோகன் ராய் பெயரில் இயங்கும் மத்திய அரசு முகமை இணையம் வழியாகத் தருகிறது. கட்டணம் கிடையாது. வாங்கித் தருகிறேன் என்று காசு கேட்பவரிடம் ஏமாறாதீர்கள். அச்சுப் புத்தக விற்பனைக்கு ஜிஎஸ்டி இல்லை. அச்சகத்தார் பில்லில் வரி இருக்கும், அதைத் திரும்ப எடுக்க முடியாது, அடக்கத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். 1954 ஆம் வருடச் சட்டப்படி, வெளியான 30 நாளுக்குள் கொல்கத்தா தேசிய நூலகம், மும்பை மத்திய நூலகம், டெல்லி பொது நூலகம், நம் எழும்பூர் கன்னிமாரா ஆகிய நாலுக்கும் ஒவ்வொரு பிரதி அனுப்ப வேண்டும். கன்னிமாராவுக்கு நேரிலேயே போய்க் கொடுத்துவிட்டு வாருங்கள்.

நூலகங்களுக்காக அரசு மொத்தமாக வாங்கும் நூலக ஆர்டர் வேறு கதை. விண்ணப்பம் போடுங்கள், போட்டுவிட்டு மறந்துவிடுங்கள். அதை நம்பிக் கூடுதலாக ஐந்நூறு பிரதி அடிக்கிறவர்களைப் பார்த்தால் வயிறு கலங்குகிறது.

பள்ளிகளுக்குப் போகலாமா?

சிறுவர் நாவல் என்றால் தலைமையாசிரியரிடம் கேட்டுக்கொண்டு போகலாம். பெரியவர்களுக்கான நாவலோடு போகாதீர்கள். பிள்ளைகளை வாங்கச் சொல்லிக் கட்டாயப்படுத்துவது எந்த நாவலிலும் கூடாது.

வாட்ஸ்அப், ரீல்ஸ்?

தெருவுக்கு ஒரு குரூப் இருக்கிறது. அதில் டிசைன் போட்ட அழைப்பிதழைவிட, அந்தக் குரூப்பில் இருக்கும் ஒருவர் குரலில் அரை நிமிட வாய்ஸ் மெசேஜ் நன்றாக வேலை செய்யும். "நம்ம தெரு அண்ணன் ஒரு கதை எழுதிகீறாரு, ஞாயித்துக்கெழம லைப்ரரில படிக்கப் போறாரு, வந்து பாருங்க." இது போதும். ரீல்ஸ் எனக்கு வராது, வருகிறவர்கள் போடுங்கள்.

யாருமே வராவிட்டால்?

வந்த மூன்று பேருக்குப் படியுங்கள். மூன்று பேர் வந்த இடத்துக்குத்தான் மறுபடி போக வேண்டும். முதல் தடவை உங்களை வேடிக்கை பார்ப்பார்கள், இரண்டாவது தடவைதான் வாங்குவார்கள். ஒரே மாதத்தில் பத்து இடம் போவதைவிட மூன்று இடத்துக்கு மூன்று தடவை போவது மேல். படித்தவர் ஒருவர் கூட்டத்தில் எழுந்து, "நான் படிச்சிட்டேன், அந்தக் கடைசி எனக்கு ஒத்துக்கல" என்று சண்டைக்கு வந்தால் அதைவிட நல்ல விளம்பரம் கிடையாது. பக்கத்திலிருப்பவர் அந்தக் கடைசி என்னவென்று பார்க்க வாங்கிவிடுவார்.

விற்காத பிரதிகளை எங்கே வைப்பது?

தரையில் வைக்காதீர்கள், கட்டிலுக்கு அடியிலும் வேண்டாம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது தண்ணீர் எதுவரை ஏறியது என்று உங்கள் தெருவில் கேட்டுக்கொள்ளுங்கள், அதற்கு மேலே பரணில் வையுங்கள். கடலோரம் குடியிருப்பவர்கள் புத்தகக் கட்டைப் பிளாஸ்டிக் தாளால் சுற்றி டேப் போட்டு ஒட்ட வேண்டும், உப்புக் காற்றில் பக்கங்கள் சீக்கிரம் பழுத்துவிடும். அட்டைப்பெட்டியைவிடப் பழைய ட்ரங்குப் பெட்டி நல்லது. இரண்டு வேப்பிலைக் கொத்து போட்டு வையுங்கள், பூச்சி அண்டாது.